பெண்கள் நானூறு மீட்டர்

12.6.1983, ஞாயிறு

சிரம்பானிலிருந்து சீதா அக்கா வந்திருக்கிறாள். அம்மா அவளை இன்றும் "ராஜு, சாப்பிட்டியாடா?" என்றுதான் கேட்டார். ஆண் பிள்ளையாகப் பிறந்தவள். ஐ.சி. அடையாள அட்டையில் பேர் இன்னமும் தங்கராஜு. இந்தத் தோட்ட லயத்து வீடுகளில் அவளை அக்கா என்று கூப்பிடுகிற ஒரே ஆள் நான். மூன்று வருடத்துக்கு முன் முதன்முதலாகக் கூப்பிட்டபோது பைப்படியில் உட்கார்ந்து அப்படி அழுதாள்.

அடுத்த மாதம் கோலா பிலாவில் தோட்டங்களுக்கான விளையாட்டுப் போட்டி. பெண்கள் நானூறு மீட்டரில் முதலில் வருகிறவளை ஓர் இலாகா தன் அணிக்கு எடுத்து, சிரம்பானில் ஆபீஸ் வேலையும் தருமாம். எனக்கு இருபது வயது. ஆறு வருடமாக ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறேன். இதை விட்டால் இங்கேயேதான்.

19.6.1983

செம்மண் சாலையில் அக்காவும் நானும் ஓடினோம். பள்ளியில் ஆண்கள் ஓட்டத்தில் மாவட்டத்திலேயே முதல் ஆள் அவள். முன்பெல்லாம் என்னை முப்பது அடி பின்னால் விட்டுவிடுவாள். இன்று எட்டு அடி. "முன்ன மாரி முடியல லா. பொம்பள ஒடம்புக்காக சாப்புடற மாத்திரையால மூச்சு வாங்குது" என்றாள்.

ஆனாலும் எட்டு அடி.

26.6.1983

"குடும்பத்து ஆளுங்களும் ஓடலாம்னு ஃபார்ம்ல போட்டிருக்கு வள்ளி. நானும் பேர் குடுத்துட்டேன். பொம்பளைங்க ஓட்டத்துல. ஒரே ஒரு தடவ லா. ஜெயிக்கணும்னு இல்ல." முகமெல்லாம் சிரிப்பு அக்காவுக்கு.

"சரிக்கா" என்றேன்.

ஏன் சரி என்றேன்?

28.6.1983

ஜெயிக்க வேண்டாமாம். துப்பாக்கி வெடித்த பிறகு கால்களிடம் போய் அதை யார் சொல்வது? எனக்காக வேண்டுமென்றே பின்தங்குவாளா? அப்படிக் கிடைத்தால் அதை வெற்றி என்று வைத்துக்கொள்ள முடியுமா?

2.7.1983

ஆணாக வளர்ந்த உடம்புதானே அது. அந்த எட்டு அடி அதிலிருந்து வந்ததா, அவள் திறமையா? பகாவ் தோட்டத்திலிருந்து ஓட வரும் முத்தாயி என்னைவிட ஒரு சாண் உயரம். அவளை யாரும் எதுவும் கேட்பதில்லை. ஆண்களோடு ஓடு என்று அக்காவிடம் சொன்னால் உயிரையே விடுவாள். என்னோடு ஓடினால் என் வேலை போச்சு. இதில் நியாயம் எந்தப் பக்கம்?

ஓட வேண்டாம் என்று அக்காவிடமே சொல்லிவிடலாம். மூன்று நாளாக வாய் வரைக்கும் வருகிறது, திரும்பிப் போய்விடுகிறது.

16.7.1983

நாளைக்கு. இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி பச்சை ரிப்பன் வாங்கி வந்திருக்கிறாள்.

17.7.1983, ஞாயிறு

எழுதிவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

ஓட்டம் தொடங்கும் கோட்டில் போய் நின்றோம். வேறு தோட்டத்தில் ஆள் மேய்க்கும் மண்டோர் ஒருவர், "அது ஆம்பள லா! எல்லாருக்கும் தெரியும்!" என்று கத்தினார். கூட்டம் சிரித்தது. நடுவர் முருகையா வாத்தியார் நல்ல மனுஷர். அக்காவையும் என்னையும் ஓரமாக அழைத்துப் போனார். "ஐ.சி. எல்லாம் காட்ட வேணாம். கூடப் பொறந்த புள்ள நீ. நீ சொல்றதுதான் முடிவு. இவங்க ஒனக்கு யாரும்மா?"

அக்கா பயப்படவே இல்லை. என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் இருக்கிறேன் என்ற தைரியம்.

"அண்ணன் சார்" என்றேன்.

முதுகில் குத்தியிருந்த நம்பரை அவளே கழற்றி வாத்தியார் கையில் கொடுத்தாள். கூட்டத்துக்குள் புகுந்து போனாள். எவனோ விசிலடித்தான்.

நான் ஓடினேன். முதலாவதாக வந்தேன்.

அய்யோ, என்னா பண்ணிட்டேன்! "என் அக்காதான் சார், ஆனா இந்த ஓட்டத்துல வேணாம்"னு சொல்லியிருக்கலாமே. அதுக்கு எனக்கு வாய் இல்லையா? ஓட்டத்துலேருந்து எடுத்தா போதும்னுதானே நெனச்சேன் — அவ கிட்டேருந்து அக்காங்கறதையே புடுங்கிட்டேனே.

3.8.1983

கடிதம் வந்துவிட்டது. செப்டம்பர் முதல் தேதி வேலையில் சேர வேண்டும். லயமே வந்து பாராட்டிவிட்டுப் போனது.

14.8.1983

தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி சொல்கிறார்: வீட்டிலிருந்து ஒருவராவது தோட்டத்தில் வேலை செய்தால்தான் லயத்து வீடு. நான் போய்விட்டால் ஒரு மாதத்தில் காலி செய்ய வேண்டும். அம்மாவுக்கு முட்டி மடங்காது. எனக்குக் கிடைப்பதோ விடுதியில் ஒரு கட்டில். "நீ போடி. நான் எங்கயாச்சும் கெடக்குறேன்" என்கிறார் அம்மா. எங்கே?

21.8.1983

சிரம்பான் பக்கம் அம்பாங்கானில் அக்கா வேலை செய்யும் தையல் கடைக்குப் போனேன். உள்ளே மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவள் வெளியே வரவில்லை. ஒரு தாளில் எழுதிக் கடைக்காரம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

பஸ்ஸில்தான் உறைத்தது. வீட்டு விஷயத்தை முதலில் எழுதியிருக்கிறேன். மன்னிப்புக் கேட்டது கடைசி வரியில்.

29.8.1983, திங்கள்

அக்கா வந்துவிட்டாள். சட்டை, கால்சட்டை. முடியை ஒட்ட வெட்டியிருக்கிறாள். அம்மா அவள் தலையைத் தடவித் தடவி அழுதார். சந்தோஷமா, துக்கமா, தெரியவில்லை.

"வள்ளி எடத்துல நான் வேலைக்குச் சேர்றேம்மா. கிராணி ஐ.சி. பேருலதான் எழுதுவாராம். கவுன் போட்டா வேல கெடையாதாம்." இதை அம்மாவிடம்தான் சொன்னாள். நான் "அக்கா" என்றேன். திரும்பவில்லை.

1.9.1983, வியாழன்

சிரம்பான். விடுதி.

விடிவதற்கு முன்பே பெட்டியோடு பஸ்ஸுக்கு நின்றேன். எதிரே, வேலையாட்கள் காலையில் கூடும் பெரட்டுக் களத்தில் மண்டோர் சன்னாசி பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். என் பேர் வரும் இடத்தில் "தங்கராஜு" என்றார். மறுபடியும் கூப்பிட்டார்.

"இருக்கேன் ஐயா."

கனத்த ஆண் குரல். அக்கா வரவழைத்துக்கொண்ட குரல்.

பஸ் வந்தது. நான் ஏறிவிட்டேன்.