சாயம் இல்லை என்று எழுதிக்கொடுத்தேன்

9 ஜனவரி 2025, வியாழன்

இன்று லேபில் சோதனைக்குப் பதினேழு கல். பதினொன்று மாணிக்கம், பதினொன்றும் நிறம் கூட்டச் சூடேற்றியவை. அது இப்போது சகஜம். ஆனால் மூன்றில் பிளவுக்குள் கண்ணாடியை உருக்கி நிரப்பியிருந்தார்கள். மைக்ரோஸ்கோப்பில் குமிழிகள் பளிச்சென்று தெரிந்தன. கொண்டுவந்தவர் மகள் கல்யாணத்துக்கு வாங்கியதாம். ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு என்னை முறைத்தார், நான்தான் உள்ளே ஊற்றினவள் மாதிரி. இருபத்திரண்டு வருஷமாக இந்த முறைப்பைப் பார்க்கிறேன்.

சாயங்காலம் தங்கை ரஷ்மி போன் பண்ணினாள். இடது மார்பில் கட்டி. ஸ்கேனில் ஒன்றரை சென்டிமீட்டர். ஊசியால் சதை எடுத்துப் பயாப்ஸி செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பொங்கல் கழியட்டும் என்கிறாள். பொங்கலுக்கும் பயாப்ஸிக்கும் என்ன சம்பந்தம்? கேட்டேன், பேச்சை மாற்றிவிட்டாள்.

12 ஜனவரி, ஞாயிறு

லோத்குண்டாவில் ரஷ்மி வீட்டுக்குப் போனேன். மேஜைமேல் கண்ணாடி ஜாடி, தண்ணீருக்குள் கற்கள். அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறாள். ஒரு ரோஜா நிறக் கல்லை ரவிக்கைக்குள் கட்டியின்மேல் படும்படி வைத்திருக்கிறாள். சைனிக்புரியில் கமலா மேடம் என்று ஒருத்தர், பேங்கில் இருந்து ரிடையர் ஆனவர், கல் வைத்துக் குணப்படுத்துகிறாராம். நாற்பத்தொரு நாள் கணக்கு. அது முடிந்தால் பயாப்ஸியே வேண்டியிருக்காதாம்.

ரஷ்மியின் புருஷன் ராஜீவ் பட்டான்செருவில் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கி எழுந்து வந்தார். மருந்து கம்பெனியில் வேலை. மனுஷன் சொல்கிறார், நாற்பது நாள்தானே அக்கா, கத்தி வைக்காமல் போனால் நல்லதுதானே என்று.

நாலு கல்லை எடுத்து கைக்குட்டையில் முடிந்துகொண்டேன். டெஸ்ட் பண்ணிவிட்டுத் தருகிறேன் என்றேன்.

13 ஜனவரி, திங்கள்

ஃபிரோஸா என்கிற நீலக் கல்லாகக் கொடுத்திருப்பது வேறேதோ வெள்ளைக் கல், நீலச் சாயம். அசிட்டோன் தொட்ட பஞ்சால் துடைத்ததுமே பஞ்சு நீலமாகிவிட்டது. பக்கத்து மேஜை சபீனா பார்த்துச் சிரித்தாள். ரோஜா நிறக் கல் இரண்டுமே படிகத்தை வெடிக்கவைத்து விரிசலில் சாயம் ஏற்றியவை. மஞ்சள் சிட்ரின், அமெதிஸ்ட் என்கிற ஊதாக் கல்லைச் சுட்டுச் செய்தது. அடிப்பக்கம் வெள்ளை, நுனி ஆரஞ்சு, பார்த்தாலே தெரிகிற ரகம்.

எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் சந்தோஷப்பட்டேன். மாட்டினார் கமலா மேடம் என்று. இதைக் காட்டினால் போதும், ரஷ்மி அடுத்த நாளே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவாள்.

14 ஜனவரி, பொங்கல்

காட்டினேன். பஞ்சையும் காட்டினேன். சாயத் தண்ணீரையா அக்கா குடிச்சேன் என்று அழுதாள். நல்லவேளை சொன்னாய் என்று கையைப் பிடித்துக்கொண்டாள். சர்க்கரைப் பொங்கல் இரண்டு கரண்டி சாப்பிட்டேன். நிம்மதி.

29 ஜனவரி, புதன்

கமலா மேடம் லேபுக்கே வந்துவிட்டார். நான் நினைத்த ஆள் இல்லை. கைத்தறிப் புடவை, பையில் முப்பது கல். கல் விற்கிறவன் என்னை ஏமாற்றிவிட்டான், இனிமேல் உங்கள் ரிப்போர்ட் இல்லாமல் ஒரு கல்லும் யாருக்கும் தரமாட்டேன் என்றார். முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

முப்பதில் ஒன்பது தேறியது. ஒன்பதுக்கும் ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். "இயற்கைக் கல். சாயம் ஏற்றிய அடையாளம் இல்லை." சரியாகத்தான் எழுதினேன்.

8 பிப்ரவரி, சனி

ரஷ்மி போனை எடுக்கவில்லை. 'எல்லாம் நடந்துட்டிருக்கு, கவலைப்படாத' என்று மெசேஜ். ஆஸ்பத்திரி அலைச்சல் போல. அடுத்த வாரம் போய்ப் பார்க்க வேண்டும்.

15 மார்ச், சனி

போகவில்லை. ஒரு மாதம் போகவில்லை. ஜெம் ஷோ, ஸ்டாக் செக்கிங், முழங்கால் வலி — எல்லாம் சாக்கு. இன்றுதான் போனேன்.

பயாப்ஸி நடக்கவே இல்லை. ரவிக்கைக்குள் புதிய ரோஸ் குவார்ட்ஸ். அதோடு வந்த ரிப்போர்ட்டை லாமினேட் பண்ணி சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். என் கையெழுத்து.

கத்திவிட்டேன். அவள் கத்தவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கணக்கு விளக்குகிற மாதிரி பொறுமையாகச் சொன்னாள்.

"அது பொய்க் கல்லுக்கா, அதான் கட்டிக்குக் கேக்கல. அந்த நாளெல்லாம் கணக்குல வராதுன்னு மேடம் மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கச் சொன்னாங்க. இது அசல்னு நீதானே எழுதியிருக்க?"

அசல் என்றால் கல்தான் அசல், அது மருந்து இல்லை என்றேன். அப்போ அன்றைக்கு ஏன் அதைச் சொல்லவில்லை என்றாள். எனக்குத் தெரிந்ததைப் பேசினேன். கல்லைப் பற்றி. கல் பொய் என்றுதான் சொன்னேனே தவிர, உண்மையாக இருந்தாலும் உதவாது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

கட்டியைத் தொட்டுப் பார்த்தேன். பெரிதாகியிருக்கிறது. அவளுக்கும் தெரியும். உள்ளே இருக்கிறதெல்லாம் வெளியே வரும்போது அப்படித்தான் வீங்குமாம், மேடம் சொன்னாராம்.

கிளம்பும்போது கேட்டாள். "மாமாவோட புஷ்பராக மோதிரத்த இன்னும் பீரோவுலதானே வெச்சிருக்க? அத ஒரு நாளாவது டெஸ்ட் பண்ணியாக்கா?"

படியிறங்கிவிட்டேன்.

16 மார்ச், ஞாயிறு

எழுதித் தொலைக்கிறேன்.

என் வீட்டுக்காரருக்குக் கல்லீரல் போய்விட்டது என்று டாக்டர்கள் சொன்ன வாரம் அந்த மோதிரத்தை வாங்கினேன். யாரோ ஜோசியர் குருவுக்குப் புஷ்பராகம் என்றார். நான், தினமும் அடுத்தவர் கல்லை அலசுகிறவள், கடைக்காரன் பேச்சை நம்பி வாங்கிக்கொண்டு ஓடினேன். ராமச்சந்திராபுரம் ஃபாக்டரிக்கு அவர் கம்பெனி பஸ் ஏறிப் போனதெல்லாம் அதோடு முடிந்தது. விரல் மெலிந்து மோதிரம் கழன்றது, நூல் சுற்றிப் போட்டுவிட்டேன். கடைசி நாளும் விரலில் இருந்தது.

ஆறு வருஷமாகிறது. லேபுக்கு எடுத்துப்போக ஒரு நிமிஷ வேலை. எடுத்துப்போகவில்லை. பொய்க் கல்லாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். நல்ல கல்லாக வாங்கியிருந்தால் பிழைத்திருப்பார் என்று. என் மேல் பழி விழுந்தாலும் பரவாயில்லை, ஏதோ ஒன்று அவரைக் காப்பாற்றியிருக்கும் என்று ஒரு நினைப்பு வேண்டியிருந்தது.

ரஷ்மியைத் திட்ட நான் யார்?

17 மார்ச், திங்கள்

எல்லோரும் டீக்குப் போன நேரத்தில் மோதிரத்தை மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். கல்லுக்குள் பட்டு நூல் மாதிரி மெல்லிய ஊசிகள், ஒன்றும் உருகவில்லை, உடையவில்லை. சுட்டிருந்தால் கரைந்திருக்கும். இயற்கைக் கல். சூடேற்றிய அடையாளம் இல்லை. இந்த வருஷம் என் மேஜைக்கு வந்ததிலேயே நல்ல கல்.

சபீனா திரும்பி வந்து தன் உருதுவில் "கைக்கூ?" என்று மட்டும் கேட்டாள். ஏன் அழுகிறாய் என்று. ஒன்றுமில்லை என்றேன். எனக்குக் கொண்டுவந்த டீ கிளாஸை நகர்த்தி வைத்துவிட்டுப் போனாள்.

நேரே லோத்குண்டா. ரஷ்மி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மோதிரத்த பாத்தேன் ரஷ்மி. அசல்டீ. சூடுகூட படாத கல்லு. அத போட்டுட்டேதான் அவர் செத்தார்."

கத்தி நின்றது. என் முகத்தையே பார்த்தாள். நான் சமாதானமாக ஏதாவது சேர்த்துச் சொல்வேன் என்று காத்திருந்தாள் போல. சேர்க்க ஒன்றும் இல்லை. பிறகு, "எனக்குப் பயமா இருக்குக்கா. ஊசி போட்டா அதுதான்னு சொல்லிடுவாங்க," என்றாள். இரண்டு மாதமாக இதுதான். கல், மேடம், நாற்பத்தொரு நாள் எல்லாம் இதை மூடிவைக்கத்தான். எனக்கும் பயமா இருக்கு என்றேன்.

ஆஸ்பத்திரி எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்டாள்.

24 மார்ச், திங்கள்

கேன்சர்தான். மூன்று சென்டிமீட்டருக்கு மேல், அக்குளிலும் பரவியிருக்கிறது. டாக்டரம்மா ஜனவரி ஸ்கேனையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நடுவில் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். நான்தான் பதில் சொன்னேன். முதலில் கீமோ, பிறகு ஆபரேஷன்.

2 ஏப்ரல், புதன்

லேபில் கல் ரிப்போர்ட்டில் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். கல்லின் குணப்படுத்தும் சக்தி பற்றி இது எதுவும் சொல்வதில்லை என்று. யாவாரம் நடக்கணுமா வேண்டாமா என்றார் முதலாளி. சரி, அப்படியானால் கமலா மேடத்தின் கல் எதையும் என் மேஜைக்கு அனுப்பாதீர்கள் என்றேன். வேறு ஆளுக்கு அனுப்புவார். தெரியும்.

சைனிக்புரியில் மேடம் வீட்டுக்கும் போனேன். ஹால் சுவரில் என் ரிப்போர்ட்டுகள் வரிசையாக, கீழே நாலு பெண்கள் காத்திருந்தார்கள். ஒருத்தி தலையில் ஸ்கார்ஃப். ரஷ்மி சங்கதியை அவர்கள் காதில் விழும்படிச் சொன்னேன். இரண்டு பேர் எழுந்து போனார்கள், ஸ்கார்ஃப் கட்டினவள் அசையவில்லை. மேடம் ரிப்போர்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கையில் கொடுத்தார். வாசல்வரை வந்து, "நான் கெட்டது நெனைக்கலைம்மா. வர்றவங்க சரியாயிடுமான்னு கேக்கறாங்க. என்னன்னு சொல்றது?" என்றார்.

வசமாகத் திட்டத்தான் போயிருந்தேன். திட்டாமல் வந்துவிட்டேன்.

27 ஏப்ரல், ஞாயிறு

ரஷ்மிக்கு முடி கொட்டுகிறது. தானே மழித்துக்கொண்டாள், என்னைக் கூப்பிடவில்லை.

19 ஜூன், வியாழன்

நாலாவது கீமோ. போன மாதம் கட்டி சுருங்கியது, இப்போது அப்படியே நிற்கிறது. மருந்தை மாற்ற வேண்டியிருக்கும் என்கிறார்கள்.

ராஜீவுக்கு ஷிப்ட். நானும் ரஷ்மி மகள் சாஹித்யாவும் வெளியே பெஞ்சில். பன்னிரண்டு வயசு. நான் தமிழில் கேட்டால் தெலுங்கிலோ இங்கிலீஷிலோதான் பதில் வரும். இன்று போனை அணைத்து மடியில் வைத்துவிட்டு, தட்டித் தடுமாறித் தமிழில் கேட்டாள்.

"பெரியம்மா, அம்மாக்கு சரியா போயிடும் இல்ல? நீ சொன்னா நான் நம்பறேன்."

ஆமாம் என்கிற வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. என்ன சுலபமான வார்த்தை. சொல்லியிருந்தால் அந்தக் குழந்தை இன்று ராத்திரி நன்றாகத் தூங்கியிருக்கும்.

தெரியலடா கண்ணு என்றேன்.

என் தோளில் சாய்ந்து அழுதாள். உள்ளேயிருந்து நர்ஸ் ரஷ்மியின் பேரைச் சொல்லி எங்களைக் கூப்பிடும்வரை அப்படியே இருந்தோம்.