எதிரே வந்த படகு

உங்களுக்கு,

நீங்கள் வெளியூரில் வேலையாக இருப்பதாகச் சொல்லச் சொன்னீர்கள், சொன்னேன். நாம் பிரிந்துவிட்டது உங்கள் அப்பா அம்மாவுக்கு அவர்கள் ஊர் திரும்பும்வரை தெரிய வேண்டாம் என்றீர்கள், ஒப்புக்கொண்டேன். விடுப்பு எடுத்து கோபுரம், அருங்காட்சியகம், அரண்மனை எல்லாம் காட்டினேன். மாமாவுக்கு மூட்டுவலி. அத்தைக்கு எதைக் காட்டினாலும், "நம்ம ஊர்ல இல்லாததா?"

இன்று ஆற்றில் படகு சவாரி. பாலத்தடியில் எங்களை ஒட்டிக் கடந்த படகில் நீங்கள் நின்றிருந்தீர்கள். உங்கள் கை அவள் தோளில் இருந்தது. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அங்க பாருங்க, நம்ம பையன்," என்றார் அத்தை.

மாமா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒரே ஜாடையில ஏழு பேர் இருப்பாங்களாம்," என்றார்.

"இருக்கட்டும். நான் பின்னின ஸ்வெட்டரையுமா ஏழு பேர் போட்டிருப்பாங்க? ஒரு கை நீளமாப் போச்சுன்னு மடிச்சு விட்டிருக்கான் பாருங்க."

கரை சேரும்வரை படகின் வழிகாட்டி ஒவ்வொரு பாலத்தின் வயதையும் சொல்லிக்கொண்டே வந்தான்.

இறங்கியதும் அத்தை, "எவ்வளவு நாளாம்மா?" என்றார்.

"ஒரு வருஷம் ஆச்சு அத்தை."

"அதோட எங்களுக்கு வடிச்சுக் கொட்டி, ஊரும் சுத்திக் காட்டுற." பாராட்டா, திட்டா, தெரியவில்லை.

உங்கள் முகவரியைக் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன். ஞாயிறு காலை வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடுவேன். மணியை அவர்களே அடிப்பார்கள். மாமாவால் படியேற முடியாது. லிஃப்ட் இல்லையென்றால் நீங்கள்தான் கீழே இறங்கி வர வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் பெற்றோரின் மருமகள்