யாருக்கும் தெரியாமல் பழக்கித் தரப்படும்

நிந்தவூர்,
செவ்வாய்க்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின்.

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் மகள் றுமானாவும் உம்மாவும் அல்லாஹ்வின் உதவியால் சுகம். கத்தார் வெயிலில் நீங்களும் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆச் செய்கிறோம்.

வட்ஸ்அப் இருக்கும் காலத்தில் இவள் என்னத்துக்குக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். போனில் என் ஸ்கூட்டிக் கதையை எடுத்தவுடன் உங்கள் பக்கம் லைன் இழுக்கத் தொடங்கிவிடுகிறது. இன்றைக்கு என்ன கறி என்று நீங்கள் கேட்கும்போது மட்டும் தெளிவாக இருக்கிறது. றஸாக் காக்கா லீவு முடிந்து வெள்ளிக்கிழமை தோஹாவுக்கு வருகிறார். சீனிச் சம்பல் போத்தலோடு இதையும் அவர் கையில் கொடுக்கிறேன். சம்பலை அறையில் எல்லோருக்கும் கொடுங்கள். கடிதத்தைத் தனியே இருந்து வாசியுங்கள்.

போன லீவில் கல்முனைக்குக் கூட்டிப் போய் இந்த ஸ்கூட்டியைத் தெரிவு செய்து தந்தது நீங்கள்தான். "நீ நல்லா ஓடுறாய். பொம்புளையளுக்குப் பழக்கிக் குடு. அது தொழிலா நிண்டிட்டா நான் மறுகா ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்து வைக்க மாட்டன், ஊரோட வந்திருவன்" என்று சொன்னதும் நீங்கள்தான். அந்தக் கையெழுத்துக்கு இந்த மாதக் கடைசிதான் தவணை. வைக்கவா விடவா என்று போன கிழமை கேட்டீர்கள். நான் மகளின் பல் விழுந்த கதையைச் சொல்லிச் சமாளித்துவிட்டேன். இப்போது பதில் சொல்கிறேன்.

தொழில் நிற்கவில்லை மச்சான். பழக வந்த முதல்நாள் பெண்கள் இரண்டு காலையும் நிலத்தில் தேய்த்துக்கொண்டு வண்டியை உருட்டுவார்களே, அந்த நிலையில்தான் இருக்கிறது. காசு கொடுத்து விளம்பரம் போட நமக்கு வசதி இல்லை, நாலு பேர் வாயால் சொன்னால் போதும் என்று நாம் நினைத்தோம். அந்த நாலு பேரைத் தேடித்தான் நான் அலைந்துகொண்டிருக்கிறேன்.

முதலில் கேற்றில் ஓர் அட்டை தொங்கவிட்டேன். பெண்களுக்கு ஸ்கூட்டி பழக்கப்படும் என்று எழுதி, என் நம்பரையும் போட்டேன். வந்த அழைப்பெல்லாம் ஆண் குரல். ஒருவன் தனக்கும் பழக்க ஏலுமா என்று கேட்டான். இன்னொருவன் ஒன்றும் கேட்காமல் மூச்சு மட்டும் விட்டான். அட்டையைக் கழற்றி அடுப்பில் வைத்துவிட்டேன். பிறகு சந்திக் கடையில் ஒரு தாள் ஒட்டினேன். அடுத்த நாள் அதன்மேல் போன் ரீலோட் விலை ஒட்டியிருந்தது. முதல்நாள் இலவசம் என்றும் அறிவித்துப் பார்த்தேன். வந்தார்கள், சிரித்தார்கள், விழாமல் இருக்கப் பழகினார்கள். மிச்சத்தைத் தம்பிமாரைப் பிடித்து ஒழுங்கையில் பழகிக்கொண்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஸ்கூட்டியையே விற்றிருப்பேன்.

அதற்குப் பிறகுதான் அந்தப் புத்தி வந்தது. நல்ல புத்தி என்றுதான் அப்போது நினைத்தேன். ஊர்ப் பெண்களின் வட்ஸ்அப் குழுவில் என் குரலிலேயே போட்டேன்: "பழகுறது ஒருத்தருக்கும் தெரிய வராது. வயல் பக்கம் கிரவல் ரோட்டுக்குக் கொண்டு போய்ப் பழக்குவன். எண்ட வாயால ஆருக்கும் சொல்ல மாட்டன், அல்லாஹ்வுக்காக."

போன் ஓயவில்லை. ஸ்கூட்டி ஓடுவது நம் ஊரில் புதினமா? ரீச்சர்மார் ஓடுகிறார்கள், ஒபிஸ் பெண்கள் ஓடுகிறார்கள். இவர்களின் பயம் வேறு. பிள்ளை பெற்ற வயதில் ரோட்டில் விழுந்து பழகினால், "புருசன் வெளிநாட்டுல, இவ என்ன ஆட்டம் ஆடுறா" என்று எவளாவது சொல்லிவிடுவாள் என்ற பயம். ஒவ்வொருத்தியாக வந்தார்கள். நெல் அறுத்த வெறும் வயலில் கொக்கைத் தவிர ஒரு சீவன் இல்லை, அங்கேயும் முகத்தை மூடிக்கொண்டுதான் ஓட்டினார்கள். நன்றாகவே பழகினார்கள். பழகிப் போனார்கள். அவ்வளவுதான். ஒருத்தியும் இன்னொருத்தியைக் கூட்டிக்கொண்டு வரவில்லை.

எப்படிக் கூட்டி வருவாள்? ஒரு தையல்காரி தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு போனால், ஆர் தைச்ச என்று கேட்பார்கள், அவளும் சொல்வாள். என் கையால் பழகினவர்கள் மெயின் ரோட்டில் என்னைக் கடந்து போகும்போது கண்ணைக்கூடத் திருப்புவதில்லை. நானும் திருப்ப ஏலாது, அல்லாஹ்வை முன்வைத்து வாக்குக் கொடுத்துவிட்டேன். ஆட்களைச் சேர்க்கிறேன் என்று சொல்லி, ஆள் சேரும் வழியை நானே பூட்டு வைத்துப் பூட்டியிருக்கிறேன்.

பள்ளிக்குப் பின்னால் இருக்கும் றஸ்னாவை உங்களுக்குத் தெரியும். மற்றவர்களைவிட அவளுக்குத்தான் நான் கூடப் பாடுபட்டேன். பிரேக் பிடிக்கச் சொன்னால் கண்ணை மூடுவாள். அவள் வாய்க்காலுக்குள் விடப் பார்த்த வண்டியை நான் இழுத்துப் பிடித்து, என் முழங்காலில் தோல் போனது. போன கிழமை ஒரு கலியாண வீட்டில் நாங்கள் ஒரே சகனில், ஒரே பெரிய தட்டைச் சுற்றி, சாப்பிட உட்கார்ந்தோம். "புள்ள, நல்லா ஸ்கூட்டி ஓடுறாய், ஆருகா பழக்கின?" என்று பக்கத்தில் இருந்தவ கேட்டா. றஸ்னா இறைச்சியைப் பிய்த்துக்கொண்டே, "எங்கிட அவர்தான், லீவுல வந்தப்ப" என்றாள். "மாப்புள எண்டா அப்பிடி இரிக்கணும்" என்று சகனைச் சுற்றியிருந்த எல்லோரும் அவளுடைய மாப்பிள்ளையைப் புகழ்ந்தார்கள். அந்த மனிதர் லீவில் வந்தால் பகல் முழுக்க நித்திரை, அவருக்குச் சைக்கிள் ஓடத் தெரியுமோ என்னவோ. அதே சகனில்தான் என் கையும் இருந்தது.

வீட்டுச் செய்தியும் சொல்ல வேண்டும். உம்மாவுக்குப் பிரஷர் கொஞ்சம் கூட, மருந்து ஒழுங்காகப் போடுகிறா. குசினிக் கூரையில் இரண்டு ஓடு மாற்றினோம். றுமானா விழுந்த பல்லை ஒரு டப்பாவில் வைத்திருக்கிறாள், வாப்பா வந்துதான் கூரையில் எறிய வேண்டுமாம். நான் எறிகிறேன் என்றதற்கு அழுதாள்.

இனி எழுத வந்த விஷயத்தை எழுதுகிறேன்.

எனக்கு ஆள் அனுப்புகிற ஒரே மனுசி தையல்கார அஸீஸா ராத்தா. அளவு எடுக்கும்போது பெண்கள் மனதில் உள்ளதையெல்லாம் அவவிடம் கொட்டுவார்கள். அவ அனுப்பித்தான் சாய்ந்தமருதிலிருந்து நஸ்லா வந்தாள். வந்தவர்களில் முகத்தை மூடாமல் ஓடியவள் அவள் ஒருத்திதான். புருஷனுக்கும் சொல்லிவிட்டுத்தான் வந்தாளாம், அவர்தான் பழகச் சொன்னாராம். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று நினைக்கிறீர்கள்? இவளாவது நாலு பேருக்குச் சொல்வாள் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஓடிக் களைத்து மர நிழலில் இருந்தோம். அவள் போனை எடுத்து, புருஷன் இருக்கும் அறையின் படம் காட்டினாள். ஏழெட்டுப் பேர் நிலத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அவள் விரல் வைத்துக் காட்டிய புருஷன், உங்களுக்கு மேல்கட்டிலில் படுக்கும் அஹ்ஸன். அவர் தோளில் கை போட்டிருந்தது நீங்கள்.

நான் வாய் திறக்க முன்னம் அவளே உங்கள் முகத்தில் விரலை வைத்துச் சொன்னாள். "இவர் நிந்தவூராம் ராத்தா. பொம்புளையளுக்கு ஸ்கூட்டி பழக்கிற ஆள் உங்கிட ஊருல இரிக்காம், ஆரெண்டு தெரியுமா எண்டு எங்கிட அவர் கேட்டிரிக்கார். அப்பிடி ஒருத்தரயும் தெரியா எண்டு சொல்லிட்டாராம். இவர்ர பொஞ்சாதி வீட்டோட இரிந்து தையல் தைக்கிறாவாம். உங்களுக்கு இவரத் தெரியுமா ராத்தா?"

தெரியாது என்று சொன்னேன் மச்சான். வேறு என்ன சொல்ல? தெரியும் என்றால் உங்களைப் பொய்யனாக்க வேண்டும். எழும்பி ஹெல்மட்டைப் போட்டுக்கொண்டேன். கண் கலங்கினது அவளுக்குத் தெரிந்திருக்காது.

நான் ஒரு ஊசி பிடித்ததை நீங்கள் எப்போது கண்டீர்கள்? உங்கள் சேர்ட்டுக்குப் பொத்தான் வைப்பதும் உம்மாதானே.

உங்கள் வெட்கம் எனக்கு விளங்காமல் இல்லை. பொஞ்சாதி ரோட்டில் நின்று உழைக்கிறாள் என்றால், இவனுடைய சம்பளம் வீட்டுக்குக் காணாது போல என்று அறையில் நினைப்பார்கள். அந்த வெயிலில் பாடுபடுகிற மனிதருக்கு அது நோகும். ஆனால் உங்கள் அறையில் மட்டும் இந்தக் கரையோரத்து ஆண்கள் எத்தனை பேர்? ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு பெண், பிள்ளையைப் பள்ளிக்கூடம் கொண்டு விட ஓட்டோவுக்குக் காத்து நிற்கிறாள். அவளுடைய புருஷனே பழகச் சொன்னால் அவள் முகத்தை மூடத் தேவையில்லை, வாயையும் மூடத் தேவையில்லை. நான் கேற்றிலும் கடையிலும் தேடின ஆட்கள் எல்லோரும் உங்களோடு ஒரே தட்டில் சோறு தின்கிறார்கள். அவர்கள் கேட்டே விட்டார்கள், நீங்கள்தான் தெரியாது என்றீர்கள்.

றஸ்னா மறைத்ததற்கு ஆத்திரம்தான் வந்தது. நீங்கள் மறைத்ததற்கு என்ன வந்தது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை.

ஊருக்கு வந்து இந்த வீட்டில் என்னோடு இருக்க உங்களுக்கு ஆசை என்றால், ஊருக்குள் நான் என்ன செய்கிறேன் என்பதோடும் சேர்ந்துதான் இருக்க வேண்டும். ஆகையால் கையெழுத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு முன்னம் ஒரு காரியம் செய்யுங்கள். இராச் சாப்பாட்டுக்கு எல்லோரும் உட்காரும்போது, மற்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி அஹ்ஸனிடம் சொல்லுங்கள்: "உங்கிட நஸ்லாவுக்குப் பழக்கினது எண்ட பொஞ்சாதிதான்." இவ்வளவுதான், வேறு ஒன்றும் வேண்டாம். அதைச் சொல்லிவிட்டீர்கள் என்றால் எனக்கு நீங்கள் போன் எடுக்கத் தேவையில்லை. அஹ்ஸன் சொல்லி நஸ்லாவே எனக்கு எடுப்பாள்.

அல்லாஹ் உங்கள் உடம்புக்குச் சுகத்தையும், உங்கள் நாவுக்கு லேசையும் தருவானாக. அவள் போனுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
நிந்தவூரில் பெண்களுக்கு ஸ்கூட்டி பழக்கும்,
உங்கள் மனைவி
மு. ஹாஜறா