சாய்மானம் வைத்த பின்சீட்

திருவண்ணாமலை,
15-06-2025

அன்புள்ள அம்மாவுக்கு,

மணிமொழி எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலம். உன் இடுப்பு இப்போது எப்படி இருக்கிறது? அப்பா என்னிடம் போன் கொடுப்பதில்லை. அதனால்தான் கடிதம். பதிலைச் சிந்துஜா வீட்டு முகவரிக்கு அனுப்பு. அவள் அம்மா யாரிடமும் சொல்லமாட்டார்கள்.

ஒன்பதாம் வகுப்பு தொடங்கிவிட்டது. பள்ளி நூலகப் பொறுப்பு எனக்குத்தான். ஆனால் முக்கியமான செய்தி வேறு. அப்பா பழைய வண்டியை விற்கப் போகிறார்.

செங்கம் ரோட்டில் மெக்கானிக் மக்பூல் பாய் கடைக்கு என்னையும் கூட்டிப்போனார். பாய் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்ன சார், மாமனார் வூட்டு சீரை வித்துட்றீங்களா?" என்றார். அப்பா கோபித்துக்கொள்ளவில்லை. "அரை மணி நேரம் உக்காந்தா முதுகு கழண்டுடுது பாய். டிசம்பர்ல பதினஞ்சு வருசம் முடியுது. அதுக்குள்ள தள்ளிடணும்" என்றார்.

பிறகு ஷோரூமுக்குப் போனோம். நெடுந்தூரம் போவதற்கென்றே செய்த டூரிங் வண்டி அம்மா. சீட் எங்கள் பள்ளி பெஞ்சைவிட அகலம். விற்பனையாளரிடம் அப்பா கேட்ட முதல் கேள்வியை அப்படியே எழுதுகிறேன்: "பின்னால உக்கார்றவங்களுக்கு முதுகு வலிக்குமா?"

வண்டியில் பின்னால் உட்கார்ந்து முதுகு போனவர் நம் வீட்டில் ஒருவர்தான். போன ஆகஸ்டில் அந்த வண்டி வழுக்கி நீ விழுந்தாய். மூன்று மாதச் சிகிச்சை என்று சொல்லி அப்பா உன்னை ஆரணியில் பலராமன் மாமா வீட்டில் விட்டார். இப்போது பத்து மாதமாகிவிட்டது. அப்பா அந்தக் கேள்வியை யாருக்காகக் கேட்டார் என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்.

உன் அன்பு மகள்,
மணிமொழி

ஆரணி,
21-06-2025

அன்பு மகள் மணிமொழிக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். கையெழுத்து நன்றாக வந்திருக்கிறது. காலையில் வெறும் காபி குடித்துவிட்டுப் பள்ளிக்கு ஓடாதே.

ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய கோட்டை கட்டாதே. என்னை இங்கே விட்ட அன்று உன் அப்பா என்ன சொன்னார் என்று உனக்குத் தெரியாது. "வேலை செய்ற மாதிரி ஆனா சொல்லி அனுப்பு" என்றார். அவ்வளவுதான். அதன் பிறகு நான் கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கும். இப்போது அதுகூட அடிப்பதில்லை.

அதனால் நீ நேராகக் கேள். "அம்மாவைக் கூட்டிவரத்தானா?" என்று கேட்டால் போதும். அவர் சொல்வதை அப்படியே எழுது.

இன்னொன்று, சிரிக்காதே. நேற்றிலிருந்து ஸ்டூலில் உட்கார்ந்து பார்க்கிறேன். இருபது நிமிடம் முடிகிறது. இங்கிருந்து நம் வீட்டுக்கு வண்டியில் ஒன்றரை மணி நேரம். சும்மா நினைத்துப் பார்த்தேன்.

உன் அம்மா

திருவண்ணாமலை,
29-06-2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் கேட்கவில்லை. கேட்டால் "உனுக்கு எதுக்குடி" என்பார். அப்புறம் வீம்புக்காகவே செய்யமாட்டார். அப்பாவைப் பற்றி உன்னைவிட எனக்கு இப்போது அதிகம் தெரியும்.

கேட்காமலே எனக்கு ஆதாரங்கள் கிடைத்திருக்கின்றன. பின்சீட்டுக்குச் சாய்மானம் தனியாக வைக்கச் சொல்லியிருக்கிறார். அதற்குக் கூடுதல் பணம். ஹெல்மெட் இரண்டு வாங்கிவிட்டார். ஒன்று கறுப்பு, இன்னொன்று மெரூன். மெரூனை நான் போட்டுப் பார்த்தேன். தலை உள்ளே ஆடியது. அதனால் அது எனக்கு வாங்கியது இல்லை. சிந்துஜாவிடம் சொன்னேன். "உங்கம்மாவுக்கு சீட்டு ரிசர்வ் ஆயிடிச்சுடி" என்றாள்.

இத்துடன் படிவங்கள் இருக்கின்றன. பழைய வண்டி உன் பெயரில் இருக்கிறதல்லவா? கல்யாணத்துக்கு வாங்கித் தந்தபோது தாத்தா பிடிவாதமாக உன் பெயரில் எழுதினாராமே. அதனால் நீ கையெழுத்துப் போட்டால்தான் விற்க முடியும். "மாமாவுக்கு அனுப்பணும், அட்ரஸ் எழுது" என்று அப்பா உறையை என்னிடம் கொடுத்தார். எழுதும்போதே அவருக்குத் தெரியாமல் இந்தக் கடிதத்தையும் உள்ளே வைத்துவிட்டேன். கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கிறேன். மொத்தம் ஐந்து. ஒன்றையும் விட்டுவிடாதே. ஆதார் நகலும் வை.

சீக்கிரம் அனுப்பு அம்மா. சீக்கிரம் விற்றால் சீக்கிரம் வரலாம்.

உன் அன்பு மகள்,
மணிமொழி

ஆரணி,
13-07-2025

அன்பு மகள் மணிமொழிக்கு,

ஐந்து இடத்திலும் போட்டு அனுப்பினேன். மாமா வேண்டாம் என்றார். "அந்தாளு கைல இருக்கறதுல நமக்குன்னு மிச்சம் அந்த வண்டி ஒண்ணுதான். கையெழுத்து போட்டுட்டன்னா உன்னாண்ட எதுக்கு வரப்போறான்?" என்று சத்தம் போட்டார். நான் உன் கடிதத்தை எடுத்து அவருக்குப் படித்துக் காட்டினேன். சாய்மானம் பற்றிய இடம் வந்ததும் எழுந்து போய்விட்டார்.

வியாழக்கிழமை உன் அப்பா பேசினார். பதினோரு மாதம் கழித்து என் போனில் அவர் பெயர் வந்தது. எடுத்ததும், "உன் போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும் பாரு, சொல்லு" என்றார். வண்டியின் பெயர் மாற்றுவதற்கு, ஆதாரில் உள்ள போனுக்கு வரும் ஆறு இலக்க எண். சொன்னேன். கடைசி எண்ணை மாற்றிச் சொல்லிவிட்டேன். அதனால் இன்னொரு தடவை கூப்பிட்டார். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன். "நம்பரைச் சொல்லு" என்றார்.

அவசரமாக இருந்திருப்பார். ஆர்.டி.ஓ. ஆபீஸில் நின்றுகொண்டு வேறென்ன பேச முடியும்?

இப்போது ஒரு மணி பத்து நிமிடம் உட்கார்கிறேன்.

உன் அம்மா

திருவண்ணாமலை,
20-07-2025

அன்புள்ள அம்மாவுக்கு,

புது வண்டி வந்துவிட்டது. பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, வேங்கிக்கால் வரை போய் வந்தோம். பின்சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தேன். வேகத்தடையில் ஏறினதே தெரியவில்லை. உனக்கு நிச்சயம் வலிக்காது.

இனி எழுதுவதை உட்கார்ந்துகொண்டு படி. நேற்று அப்பா போனில் யாரிடமோ பேசியதைக் கேட்டேன். "அடுத்த ஞாயித்துக்கெழம காலைல ஆறு மணிக்குக் கெளம்பிட்றேன். போளூர், ஆரணி வழியாதான்" என்றார். ஆரணி, அம்மா! என்னை வரச் சொல்லவில்லை. பின்சீட் ஒன்றுதானே. திரும்பி வரும்போது அதில் யார் உட்கார வேண்டுமோ அவருக்காகத்தான் காலியாக வருகிறார்.

எட்டு மணிக்குத் தயாராக இரு. பை சின்னதாக இருக்கட்டும். துணிகளைப் பிறகு பஸ்ஸில் கொண்டுவரலாம். உன் அலமாரியை ஒழித்து வைத்துவிட்டேன்.

உன் அன்பு மகள்,
மணிமொழி

ஆரணி,
28-07-2025

மணிமொழிக்கு,

நேற்று ஏழரைக்கே வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டேன். பச்சைப் புடவை. பையில் இரண்டு செட் துணியும் மாத்திரையும் மட்டும். எதிர் அரிசி மில்லில் நெல் இறக்குபவர்கள்கூட, "என்னக்கா, ஊருக்கா?" என்று கேட்டார்கள். "எங்கூட்டுக்காரர் வர்றாரு" என்று சொன்னேன்.

எட்டே காலுக்கு வரிசையாக ஏழெட்டு வண்டிகள் வந்தன. எல்லாம் பெரிய வண்டிகள். மூன்றாவது உன் அப்பா. நான் எழுந்து பையை எடுத்துக்கொண்டு ரோட்டு ஓரம் வரை போனேன். என்னைப் பார்த்தார். அது எனக்கு நன்றாகத் தெரியும். ஹாரன் அடித்தார், நான் வழியை விட்டு நகர வேண்டும் என்று. நகர்ந்தேன். போய்விட்டார்.

பின்சீட் காலியாக இல்லை. மெரூன் ஹெல்மெட் போட்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி இறக்கியிருந்ததால் முகம் தெரியவில்லை.

நான் அழவில்லை, சண்டைக்கும் வரப்போவதில்லை. அது யார் என்று மட்டும் எழுது. பொய் சொல்லமாட்டாய் என்று உன்னைத்தான் கேட்கிறேன்.

உன் அம்மா

திருவண்ணாமலை,
02-08-2025

அன்புள்ள அம்மாவுக்கு,

எப்படி எழுதுவது என்று தெரியாமல் மூன்று நாள் தள்ளிப்போட்டேன். என்னை மன்னித்துவிடு.

அவர்கள் கலெக்டர் ஆபீஸில் வேலை செய்கிறார்களாம். பெயர் சரியாகத் தெரியவில்லை. வயது முப்பத்தைந்து இருக்கும். கொஞ்சம் குண்டு. சாம்பல் நிறக் காட்டன் புடவை கட்டி, கண்ணாடி போட்டிருப்பார்கள். இரண்டு முறை வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். என்னிடம் எந்தப் பாடம் பிடிக்கும் என்று கேட்டார்கள். நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாய்மானமும் ஹெல்மெட்டும் அவர்களுக்காகத்தான் போலிருக்கிறது. நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் சிந்துஜா வீட்டில் கணக்குப் படித்துக்கொண்டிருந்தேன். நீ வந்துவிடுவாய் என்று சாயங்காலம் வரை நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு எதுவுமே தெரியாது அம்மா.

உன் அன்பு மகள்,
மணிமொழி

ஆரணி,
07-08-2025

மணிமொழிக்கு,

கடிதம் கிடைத்தது. நன்றாகவே எழுதியிருக்கிறாய். சாம்பல் நிறப் புடவை வரைக்கும் யோசித்திருக்கிறாய்.

அன்று வண்டிகள் போனதும் மாமா சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில் எல்லோரும் நிறுத்தியிருந்தார்களாம். நீ ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு பஜ்ஜி தின்றுகொண்டிருந்தாய். உன் அப்பா ஏதோ சொன்னார், நீ சிரித்தாய். மாமா உன்னைக் கூப்பிடாமல் திரும்பி வந்துவிட்டார். அன்றைக்கே என்னிடம் சொல்லிவிட்டார். தெரிந்த பிறகுதான் உனக்கு எழுதினேன்.

கிளம்புகிற நேரத்தில் "நீயும் வாடி" என்று கூப்பிட்டிருப்பார். ஏறியிருப்பாய். நான் ரோட்டுக்கு வந்தபோது அவர் தோளைத் தட்ட உனக்குப் பயமாக இருந்திருக்கும். உன் வயதில் எனக்கும் இருந்திருக்கும். அதை எழுதியிருந்தால் மறுநாளே மறந்திருப்பேன். நீ, இல்லாத ஒருத்தியைக் கொண்டுவந்து என் இடத்தில் உட்கார வைத்தாய். அவளை நினைத்து நான் அழுது தீர்த்துவிட்டு, தொடர்ந்து உனக்கு மட்டும் அன்பாக எழுதிக்கொண்டிருக்க வேண்டும் என்று பார்த்தாய். உன் அப்பாவுக்குக்கூட இவ்வளவு சாமர்த்தியம் கிடையாது. அவர் ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டார்.

திங்கள்கிழமையிலிருந்து இங்கே ஒரு துணிக்கடைக்குத் தையல் வேலைக்குப் போகிறேன். மூன்று மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார முடிகிறது. அலமாரியில் உன் புத்தகங்களை அடுக்கிக்கொள்.

சிந்துஜாவின் அம்மாவுக்கு நன்றி சொல்லிவிடு. இனி அந்த முகவரிக்கு எதுவும் வராது. நீயும் எழுத வேண்டாம். உன் உறை வந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்பும்படி தபால்காரரிடம் சொல்லியிருக்கிறேன்.

நன்றாகப் படி.

திரௌபதி