நூலளவு மாற்றம்

பதுளை,
8-10-1929

அன்பு மகன் புவாத்துக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் கிருபையால் நானும் உன் தங்கை மர்லியாவும் நல்ல சுகம். வாப்பாவும் சுகம் என்று எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன். அவர் லுஹர் தொழப் போயிருக்கும் நேரத்தில்தான் மற்றதை எழுதுகிறேன்.

மதராசுக்குச் சரக்கு எடுக்க வந்த இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரை நீ படிக்கும் ஆஸ்பத்திரிக்கே கூட்டிப் போய்க் காட்டினாய், அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். ஆனால் திரும்பி வந்த நாள் முதல் நம் துணிக்கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் இவர் சொல்லும் கதை அதுதான். கையையும் காலையும் உப்புத் தண்ணீர் வாளிகளில் வைத்து, தொழுகைக்குக் கைகால் கழுவுவதுபோல வுளுச் செய்ய வைத்துப் படம் பிடித்தார்களாம். யந்திரம் நெஞ்சின் துடிப்பைக் கோடாகக் கீறியதாம். "ஒண்டுமில்ல, நூலளவு மாத்தம் எண்டு பெரிய டாக்டரே சொல்லிட்டார், ஒரு நூல் இழுபட்டதுக்குச் சேலையத் தள்ளுவாங்களா" என்று சிரிக்கிறார். நூல் இழுபட்டது கரையிலா உடலிலா என்று விரித்துப் பார்க்காமல் இவர் ஒரு சேலையாவது எடுத்திருப்பாரா, நீயே சொல்.

உங்கள் யந்திரம் கண்டது அவ்வளவுதான் என்றால் நான் கண்டதையும் கேள். பள்ளிவாசல் மேட்டில் ஏறும்போது பாதி வழியில் நிஸாமின் குடைக் கடையில் நின்று குடை பார்க்கிறார், குடையே பிடிக்காமல் மழையில் நனைந்தே நடந்த மனிதர். மேல் தட்டுத் துணியை எடுக்க என்னைக் கூப்பிடுகிறார். வலிக்கிறதா என்று கேட்டால் கோபம் வருகிறது. இப்படி இருந்துகொண்டு தீபாவளி வியாபாரத்துக்கு லுணுகலைத் தேயிலைத் தோட்டங்களுக்குத் துணி மூட்டை தூக்கிக்கொண்டு தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக ஏறப் போகிறாராம். எனக்குப் பயமாக இருக்கிறது மகன்.

இவரைப் போல வலி வந்து, கோட்டில் சிறு மாற்றம் மட்டும் கண்டவர்கள் அங்கே முன்பும் வந்திருப்பார்களே, அவர்கள் பிறகு எப்படி இருந்தார்கள்? உங்கள் பெரிய டாக்டரிடம் கேள். பதிலை வெளிப்படையாக எழுதாதே, உன் கடிதத்தை அவர் கடையில் உரக்க வாசிப்பார். அவர்கள் நன்றாக இருந்தார்கள் என்றால் எப்போதும்போல மாசிச் சம்பல் அனுப்பச் சொல்லி எழுது. இல்லையென்றால் சம்பலைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதாதே, நான் வாசலில் படுத்தாவது லுணுகலைப் பயணத்தை மறிப்பேன். என் மனம் ஆற வேண்டும் என்று மட்டும் சம்பல் கேட்டு எழுதிவிடாதே.

நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரியில் கண் விழிக்காதே. உன் படிப்பும் கையும் பலருக்குப் பயன்பட துஆச் செய்கிறேன். தீபாவளிக்கு முன் பதில் கிடைக்க வேண்டும், மறக்காதே. சம்பலுக்கு மாசிக் கருவாடு வாங்கிக் காயவைத்துவிட்டேன். பார்சல் தைக்க வெள்ளைத் துணி கேட்டேன், வாப்பா எதற்கென்றும் கேட்காமல் தன் கையாலேயே கிழித்துத் தந்தார்.

உன் உம்மா,
ஸித்தி ஸுபைதா