தமிழிலும் அதுதான்

மார்ச் 3

அன்புள்ள அக்கா,

நேற்று உன் வீட்டில் நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது உன் போன் அடித்தது. உனக்கு வேலை கிடைத்திருந்த ரத்தப் பரிசோதனை லேபிலிருந்து, எப்போது சேர்கிறாய் என்று கேட்டார்கள். அத்தான்தான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். "அவளுக்கு அதுல இஷ்டம் இல்லைங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். நீ தண்ணீர் ஜக்கோடு பக்கத்திலேயே நின்றாய். "அவளைக் கேட்டீங்களா?" என்று நான் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக, அவருடைய நண்பர்கள் முன்னால், "ஐ காண்ட் ஸ்டாண்ட் யூ" என்றேன்.

"மச்சினிச்சிக்குக் கோபம் வந்தா இங்கிலீஷ் பொத்துக்கிட்டு வருது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நீயும்.

உன் தங்கை

மார்ச் 9

என் செல்லத்துக்கு,

ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? அன்றைக்குப் பாதியில் எழுந்து போய்விட்டாய்.

சிரித்த மனுஷர், ஆட்கள் போனதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். நீ மன்னிப்புக் கேட்கும்வரை இந்த வாசற்படியை மிதிக்கக் கூடாதாம். இரண்டு வரி எழுதிப் போடேன். இங்கிலீஷில் அது சும்மா பேச்சுக்குச் சொல்வது, பெரிய அர்த்தமில்லை என்று எழுது. அவருக்கு அது போதும். வேலை போனால் போகிறது. நீயும் வராவிட்டால் நான் யாரோடு பேசுவேன்?

அக்கா

மார்ச் 14

அக்காவுக்கு,

நீ சொல்வது பொய்யில்லை. நான் படிக்கிற இங்கிலீஷ் நாவல்களில் அதை மழைக்கும் சொல்கிறார்கள், மாமியாருக்கும் சொல்கிறார்கள். அதனால்தான் அன்றைக்கு அதற்குள் ஒளிந்துகொண்டேன். தமிழில் சொல்லியிருந்தால் ஒருவராலும் சிரித்திருக்க முடியாது.

அத்தானுக்கு எழுதச் சொன்னாய். அன்று சொன்னதைத் தமிழிலேயே எழுதிவிட்டேன், கீழே இருக்கிறது. கொடுப்பதும் கிழிப்பதும் உன் இஷ்டம்.

"அத்தான், உங்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. அக்கா சொல்லவேண்டிய பதிலையெல்லாம் நீங்களே சொல்லிவிடுகிறீர்கள். நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன்."

வாசற்படியை அவரே வைத்துக்கொள்ளட்டும்.

உன் தங்கை

ஏப்ரல் 2

தங்கைக்கு,

கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். "இனி அவ இந்தப் பக்கம் வரக்கூடாது" என்றார். "அவ வரமாட்டா. நான் போய் அவளைப் பாத்துக்கறேன்" என்றேன்.

லேபுக்கு நானே போன் செய்தேன். அந்த இடத்துக்கு வேறொரு பெண்ணை எடுத்துவிட்டார்களாம். பிரசவ விடுப்பில் போகிறவருக்குப் பதிலாகச் சில மாதம் வர முடியுமா என்று கேட்டார்கள். நேற்று சேர்ந்துவிட்டேன். உன் அத்தான் என்னோடு பேசுவதில்லை.

அக்கா