வரன் விளம்பரம் நின்ற நாள்

ஆடி 14, செவ்வாய்

இன்றைக்குத்தான் அந்த விளம்பரம் நின்றது. கடலுக்குப் போகும் வீட்டுக்காரருக்குக் காற்று பார்த்துச் சொல்ல, மகள் செல்வியின் கம்ப்யூட்டரைத்தான் தினமும் திறக்கிறேன். திறந்தால் ஓரத்தில், "உங்கள் மகளுக்கு வரன் வேண்டுமா?" என்று வரும். அவள் இருந்தபோது நான்தான் அதில் மாப்பிள்ளை தேடினேன். அவள் போய்ச் சேர்ந்து ஏழு மாதமாகிறது. அதற்குத் தெரியவில்லை.

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் எல்லாவற்றையும் அழித்தால்தான் சரியாகும் என்றார். அவள் போட்டோவெல்லாம் அதில்தான் இருக்கிறது. மாட்டேன் என்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இன்று அவளோடு வேலை பார்த்த ஜெனிட்டா வந்தாள்.

"ஒண்ணையும் அழிக்க வேண்டாம்மா. உள்ள ஹோஸ்ட்ஸ்னு ஒரு ஃபைல் இருக்கு. விளம்பரம் அனுப்புத இடத்துப் பேரையெல்லாம் அதுல எழுதி, முன்னால வெறும் பூஜ்யமா போட்டா கம்ப்யூட்டர் அங்கன போவாது. வைரஸ் அனுப்புதவன் பேரையும் சேத்துட்டேன்."

போட்டோக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் இருந்தன. காற்றுப் பக்கத்தைத் திறந்தேன். ஓரம் வெள்ளையாக இருந்தது.

"இந்த இடம் காலியாத்தான் கெடக்கும், பரவாயில்லையா?"

"கெடக்கட்டும் ஏளா" என்றேன்.

இத்தனை நாளும் அந்த ஓரத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டுதான் படிப்பேன். இன்று கையை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன். நாளைக்குக் காற்று குறைவாம். அவர் போகலாம்.